மொட்டையை அடையாளம் காணாத கைப்பேசி

2019 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால். வானத்தில் மேகம் இருந்தது. மழை இல்லை, காற்று அறவே இல்லை. அரக்கோணத்திலிருந்து திருப்பதி போகும் பாசஞ்சர் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து, பையில் பணம் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

இதை நான் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் அமெரிக்காவில் இருக்கும் என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். திருத்தணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெயர்ப் பலகைகளிலிருந்து தமிழ் இறங்கிக்கொள்கிறது. கடைக்கு என்ன பெயர், பஸ் எந்த ஊருக்கு, கழிப்பறையில் ஆண்கள் பக்கம் எது, எல்லாவற்றையும் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிக் கேட்டுக்கேட்டு நடக்க வேண்டிய ஊர் எதுவோ அதுதான் என் கணக்கில் வெளிநாடு.

புத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தங்கை நாகம்மா இருக்கிறாள். அவள் மகன் குணா ஏ.சி. மெக்கானிக். குவைத்தில் வேலை கிடைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சித்தூரிலிருந்து ஒரு போன் வந்தது. கணினிக் குற்றங்களைப் பார்க்கிற போலீஸ். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கைப்பேசியோடு நேரில் வர வேண்டும். வழக்குப் பதிவானால் குவைத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடும்பத்தில் யாருக்கு அரசாங்கக் காகிதம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த முறை காகிதம்கூட வரவில்லை. எல்லாம் வாய்மொழி.

குற்றம் இதுதான். குணாவின் ஊரில் குடிதண்ணீர் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. அதனால் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். எந்தத் தெருவில் குழாய் சத்தம் கேட்கிறதோ அந்தத் தெருக்காரர் எழுதுவார். மற்றவர்கள் குடத்தோடு ஓடுவார்கள். குழுவை நடத்துபவன் குணா. அதில் யாரோ ஒருவர் மேல்நிலைத் தொட்டியின் திறப்பு விழாப் படங்கள் மூன்றைப் போட்டிருக்கிறார். ஒரே தொட்டி, ஒரே தலைவர், மூன்று வெவ்வேறு வருடத்து ரிப்பன். கீழே ஒரு வரி: ‘தொட்டிக்கு மூணாவது கல்யாணம். பொண்ணு மட்டும் இன்னும் வரல.’ தலைவரின் மனம் புண்பட்டதாக அவருடைய ஆள் ஒருவர் புகார் கொடுத்துவிட்டார். தலைவர் எந்தக் கட்சி என்று நான் எழுத மாட்டேன். எனக்கும் ஒரு கைப்பேசி இருக்கிறது.

வண்டியில் பாதிப் பேர் புத்தூரில் எலும்பு கட்டிக்கொள்ளப் போகிறவர்கள். என் பெட்டியில் மட்டும் கை நான்கு, கால் மூன்று. எதிரில் கையைத் துண்டில் தொங்கவிட்டிருந்தவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் கேட்டார்:

“இன்னா நைனா, வண்டியில வுழுந்தியா?”

“இல்ல. போன் பார்த்துக்கினே மாடிப்படி எறங்கினேன்.”

“போனு?”

“அதுக்கு ஒண்ணும் ஆவல. வுழும்போதே தூக்கிப் புடிச்சிக்கினேன். அதுலதான் கை போச்சி.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் செய்தது சரி என்பதுபோல் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

புத்தூரில் நாகம்மாவும் குணாவும் கையில் பையோடு நின்றிருந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் திருமலைக்கு. குணாவுக்கு மொட்டை. காரியம் முடிந்த பிறகல்லவா முடி காணிக்கை கொடுப்பது வழக்கம் என்று கேட்டேன்.

“முடிஞ்சப்புறம் இவன் குவைத்துல இருப்பான்ணா,” என்றாள் நாகம்மா. “அங்கருந்து முடியப் பார்சல்லயா அனுப்புவான்? முன்னாடியே குடுத்துட்டா சாமிக்கும் ஒரு பொறுப்பு இருக்கும் இல்ல.”

முன்பணம் கொடுத்த எந்த வேலையும் காலத்தில் முடிந்ததாக என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை. குணாவின் மனைவி சுகந்தி ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டேன். “பித்தமாம். காலையில இட்லி துன்னதெல்லாம் வாந்தி எடுத்துட்டா,” என்றாள். குணா பேருந்து வருகிறதா என்று எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரில் சாப்பிட்டோம். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. நம் ஊர்த் தேங்காய்ச் சட்னியைவிட நன்றாக இருந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். ஆனால் சாம்பார் என்று அவர்கள் ஊற்றியது சாம்பார் அல்ல. மலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பாதியில் ஒரு குழந்தை என் வேட்டியில் வாந்தி எடுத்ததால் கணக்கு தவறிவிட்டது.

முடி எடுக்கும் கூடத்தில் காசு வாங்குவதில்லை. சீட்டுக் கொடுத்து, பிளேடு கொடுத்து, வரிசையில் உட்காரவைக்கிறார்கள். குணா தோள்வரை முடி வளர்த்து, தாடியும் மீசையும் வைத்திருந்தவன். எல்லாம் போய் எழுந்து வந்தபோது பெற்ற தாயே ஒரு கணம் வேறு யாரோ என்று அவனைத் தாண்டிப் பார்த்தாள். சந்தனம் பூசிய பிறகுதான் சிரித்தாள். “உங்க நைனா மாதிரியே இருக்கற.”

தரிசன வரிசைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வெளியில் ஒரு சாளரத்தில் மூன்று பேரும் கொடுத்தோம். பையில் போட்டு, கட்டி, ரசீது கொடுத்தார்கள். மறுநாள் தரிசனம் முடிந்து வேறொரு வாசலில் வெளியே வந்தால், எங்கள் கைப்பேசிகள் எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்தன. உள்ளே என்ன வைத்திருக்கிறாய், யாரோடு பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் அறிந்தவர் என்று பெயர் வாங்கிய கடவுளின் சந்நிதியிலேயே இப்படித்தான் நடக்கிறது. தணிக்கையில் குறை எழுதியே பழகிய எனக்கு, எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

குறை அதற்குப் பிறகு வந்தது. குணாவின் கைப்பேசி அவன் முகத்தைப் பார்த்தால் திறக்கும் வகை. வெளியே வந்ததும் முகத்துக்கு நேராகப் பிடித்தான். திறக்கவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பிடித்தான். வெயிலில், நிழலில், சிரித்து, முறைத்து, எல்லா வகையிலும் காட்டினான். அது இவன் யார் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆறு இலக்க எண்ணைக் கேட்டது.

“நம்பர் இன்னா?”

“எனக்கு இன்னா தெரியும் மாமா. நம்பர் கேட்டா ரமணய்யா கடைக்குப் போவேன். அவரே போட்டுத் தருவாரு.”

ரமணய்யா என்பவர் புத்தூர் பேருந்து நிலையத்தில் கைப்பேசி விற்பவர். விற்கும்போது பூட்டு எண்ணையும் அவரே வைத்துக் கொடுத்துவிடுவாராம். மறந்துபோய் நிற்பார்கள் என்று யாருக்கும் அதைச் சொல்வதும் இல்லையாம். வீட்டைக் கட்டிக் கொடுத்த கொத்தனாரிடமே சாவியையும் விட்டுவைக்கிற ஊர். நான் பதறிப்போனேன். பிறகு, இறங்குகிற பேருந்தில், வேறொன்று தோன்றியது.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. இங்கே குணா ஒன்றும் மறுக்கவில்லை. அவன் முகமே சாட்சி சொல்ல மறுத்துவிட்டது. அதுவும் பக்தியினால். இதைவிட நல்ல வாதம் வக்கீலுக்குப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. புத்தூரில் இறங்கியதும் குணா ரமணய்யா கடையை நோக்கித் திரும்பினான். நான் கையைப் பிடித்தேன்.

“வேணாம். பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும். நான் பேசிக்கறேன்.”

“தெறந்து காட்டிட்டா வேல முடிஞ்சிடும் மாமா. நான் இன்னா தப்பு பண்ணிக்கினேன்?”

“தப்பு பண்ணாதவன்தான் திறக்கக் கூடாது.”

அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். மாமன் சொல்லைத் தட்டுகிற பையன் அல்ல. அன்று இரவு அவன் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டேன். சுகந்தி பரிமாறினாள், அவள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை நாங்கள் மூவரும் சித்தூர் போனோம். மாம்பழக் காலம். கூழ் எடுக்கிற தொழிற்சாலைகளுக்கு வெளியே மாங்காய் லாரிகளும் டிராக்டர்களும் சாலையின் பாதியை அடைத்து நின்றன. ஐம்பத்திரண்டு எண்ணினேன். அதற்குள் எங்கள் பேருந்தின் டயர் வெடித்து, எல்லோரும் இறங்கினோம். ஒரு டிராக்டர்க்காரர் இறங்கிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாங்காயைக் கொடுத்தார். “இதுங்க தொழிற்சால வாசல்லயே அழுவிடும். துன்னுட்டுப் போங்க,” என்றார். ஊரெல்லாம் சர்க்கரைப் பாகில் போட்டுக் கப்பலேற்றுகிற பழத்தை விளைவித்தவரே தெருவில் தானம் செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் போன அலுவலகம் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்று எழுதப் போவதில்லை. எஸ்.ஐ. இளைஞர், மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். தமிழ் கேட்டால் புரியும், பேசியது தெலுங்கில்; தமிழில் தருகிறேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் கணினியில் ஒரு பெண் காவலர், இந்தப் பக்கம் புத்தூர்க்காரரான ஒரு கான்ஸ்டபிள். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். சுவரோரம் ஒரு விவசாயி தன் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எங்கருந்து?” என்றேன்.

“ராமகுப்பங்க. பட்டுக்கூடு வித்த காசு பேங்குல இருந்திச்சி. பேங்குலருந்து பேசறோம்னு ஒருத்தன் நம்பர் கேட்டான். சொல்லிட்டேன். தொடச்சி எடுத்துக்கினு போய்ட்டான்.” இது அவருக்கு நான்காவது நடை. “என் போன வாங்கிப் பாருங்கன்னு சொல்லிக்கினே இருக்கறேன். அவன் பேசின நம்பர் இதுலயேதான் இருக்குது. பாக்க மாட்டேன்றாங்க.”

போலீஸ் எல்லோருடைய கைப்பேசியையும் பார்க்கக் கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். அவருடையதைப் பார்த்திருக்கலாம்.

எங்கள் முறை உடனே வந்தது. தலைவரின் மனப்புண்ணுக்கு மேலிடத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டதாம். குணா கைப்பேசியை மேசையில் வைத்து, முகம் மாறிய கதையைச் சொன்னான். எஸ்.ஐ. சிரித்தார்.

“எனக்கும் போன வருஷம் இப்படி ஆயிற்று. புருவம் வரை முடி வந்த பிறகுதான் என்னை மன்னித்தது. சரி, எண்ணைப் போடுங்கள்.”

நான் எழுந்தேன். வாதத்தை முழுவதும் சொன்னேன். சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பது, இணையத்து ஊர்வம்புக்கு வழக்குப் போட வசதியாக இருந்த அறுபத்தாறு ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்து நான்கு வருடம் ஆகிறது என்பது. அவர் இடையில் குறுக்கிடவே இல்லை.

“நீங்கள் சொல்வது எல்லாம் சரி. அது ரத்தாகிவிட்டது. அதனால் நாங்கள் வேறு பிரிவு போடுகிறோம்.”

“அப்படியானால் கைப்பேசியை வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கொடுங்கள். திருமலையில் கொடுக்கிறார்கள்.”

“திருமலையில் வழக்குப் போடுவதில்லையே சார். வழக்கு இருந்தால்தான் நான் ரசீது தர முடியும். போடட்டுமா? கைப்பேசி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். திரும்பி வர ஆறு மாதமோ எட்டு மாதமோ.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் இந்தப் பையனை அனுப்பிவிடத்தான் ஆசை. பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று மேலே சொல்ல வேண்டும். பார்க்காமல் எப்படிச் சொல்வது?”

நாகம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணா, செவ்வாக்கெழம பிளேனு.”

குணா என்னைப் பார்க்கவில்லை. “சார், மாமா போன்ல ஒரு கால் பண்ணிக்கறேன்,” என்றான். என் கையிலிருந்து என் கைப்பேசியை எடுத்தான். என் உரிமைகளையெல்லாம் வைத்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் எஸ்.ஐ.

“ரமணய்யாண்ணா, என் போன் நம்பர் இன்னாணா? பூட்டிக்கிச்சி.”

“இதுக்கு ஒரு போனா? ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சி ஆறு.”

“அது எல்லாரும் போடறதாச்சேணா.”

“எல்லாருக்கும் அதாம்பா. நம்ம கடைல வாங்கின அத்தினி பேருக்கும் அதான். ஆளுக்கொண்ணு வெச்சா நான் எங்க ஞாபகம் வெச்சிக்கறது?”

கான்ஸ்டபிள் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, தன் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து ஏதோ செய்ய ஆரம்பித்தார். அவரும் புத்தூர்தான் என்று சொன்னேன் அல்லவா. திரும்பிவர ஐந்து நிமிடம் ஆயிற்று.

கைப்பேசி திறந்தது. தண்ணீர்க் குழுவை எஸ்.ஐ. பார்த்தார். மூன்று ரிப்பன்களையும் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். படத்தைப் போட்டவர் வேறொருவர் என்று உறுதியாயிற்று. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். “வேறு குழு ஏதாவது இருக்கிறதா பார்,” என்று கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு, டீ கொண்டுவந்தவரிடமிருந்து கண்ணாடிக் கோப்பையை வாங்கினார்.

கான்ஸ்டபிள் விரலால் தள்ளிக்கொண்டே போனார். “இங்க இன்னாமோ ரகசியம்னு போட்டுக்குது சார்,” என்றார்.

“அது வேணாங்க,” என்றான் குணா. “அது என் வைஃபு.”

வேண்டாம் என்றதும் எஸ்.ஐ. நிமிர்ந்தார். “படி.”

தமிழைத் தெலுங்காக்கிப் படிக்கவும் சோம்பல்பட்டு, கான்ஸ்டபிள் இருக்கிறபடியே சத்தமாகப் படித்தார். “‘டெஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டு கோடு வந்துக்குது. ரகசியம். அத்தைகிட்ட நானே சொல்லுவேன். நீ சொன்னன்னா பேச மாட்டேன். பயமா இருக்குது, சிரிப்பும் வருது.’”

மொட்டையடித்த தலை சிவப்பதை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். காதிலிருந்து உச்சி வரை ஏறியது.

நாகம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. “சுகந்தியா?” என்றாள். “நம்ம சுகந்தியா?” கான்ஸ்டபிள், “ஆமாம்மா, ஆயா ஆவப் போற,” என்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. நாகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு மகனிடம், “எங்கிட்ட ஏன்டா சொல்லல?” என்றாள். பட்டுக்கூடு விவசாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் வேறு பக்கம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எஸ்.ஐ.யும் மனம் இளகிவிட்டார். வழக்கு இல்லை. குழுவைக் கலைத்துவிட வேண்டும், இனி எந்தக் குழுவும் நடத்துவதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியைத் துடைத்துக் கையில் கொடுத்தார். எடுத்துக்கொள்ளாத பொருளுக்கு ரசீது எதற்கு என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல சேதி எங்க ஆபீசுலதான் மொதல்ல வந்துக்குது,” என்றார் கான்ஸ்டபிள். “ஸ்வீட் இல்லாம போறதா சார்?”

கீழே இறங்கி அரை கிலோ மைசூர்பாகு வாங்கினேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விவசாயிக்கும் ஒரு துண்டு கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். குணா மட்டும் எடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அவன் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நாகம்மா பேசிக்கொண்டே வந்தாள்: குங்குமப்பூ எங்கே நல்லதாகக் கிடைக்கும், பேருந்தில் இனி அவளை ஏற்றக் கூடாது, மொட்டை வீண் போகவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மருமகளைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேல் சுகந்தி கணவனைப் பார்த்தாள். அவன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான், நான் சொல்லவில்லை என்று.

நடந்ததையெல்லாம் நாகம்மா சொல்லி முடித்த பிறகு, சுகந்தி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அது யாரு படிச்சது மாமா?”

“கான்ஸ்டபிள்மா.”

“வாய்க்குள்ளயா? சத்தமாவா?”

“சத்தமாத்தான்.”

“எத்தினி பேரு இருந்தாங்கோ?”

வாழ்நாளில் முதல் முறையாக, ஒன்றை எண்ணியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். “எட்டுப் பேர்மா. டீக்காரரைச் சேர்த்து.”

அவள் தலையாட்டினாள். “நாளைக்கி வெள்ளிக்கெழம. தலைக்கு ஊத்திக்கினு, வெளக்கேத்திட்டு அத்தைகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு நாளா மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன்.” காலி டம்ளருக்காகக் காத்திருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாலை அந்த ஊரில் தண்ணீர் வந்தது. குழு இல்லாததால் மேலத் தெருவுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்ற மூன்று தெருப் பெண்களும் காலிக் குடங்களோடு வந்து நின்றபோது குழாய் காற்று விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு குழு ஆரம்பிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. யார் நடத்துவது என்றதும் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுகந்தி அன்று தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

குணா செவ்வாய்க்கிழமை ஒழுங்காகக் குவைத் போய்ச் சேர்ந்தான். அங்கே இறங்கியதும் கைப்பேசியின் பூட்டு எண்ணை மாற்றிவிட்டானாம். ரமணய்யாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சரிதான்.

நான் வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினேன். ரயில், பேருந்து, சாப்பாடு எல்லாம் அதனதன் தலைப்பில் ஏறிவிட்டன. மைசூர்பாகுக்குத்தான் தலைப்புக் கிடைக்கவில்லை. அன்பளிப்பு என்று எழுதி அடித்தேன். விசேஷம் என்று எழுதி அதையும் அடித்தேன். முப்பது வருடம் மற்றவர்கள் கணக்கில் நான் ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிய ‘இதர செலவு’ என்ற தலைப்பில் கடைசியில் எழுதினேன்: இருநூற்றுப் பத்து. அதையும் சேர்த்து மொத்தம், ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு ரூபாய்.